எங்க லைன்ல யாருக்கும் பிபி இல்லை

சித்த நகந்து உக்காரு அம்முணி. இந்தப் பைய நான் மடியில வெச்சுக்கறேன், உனக்கு எடைஞ்சல் வராது. இல்ல இல்ல, ஜன்னலோரம் நீயே இரு, எனக்கு வெயில் மூஞ்சில அடிச்சா ஆகாது. கோயமுத்தூர் தான? நானும் அங்கதான். பெரியாஸ்பத்திரிகிட்ட எறங்கோணும்.

கையில மடிச்சு வெச்சிருக்கறது வெள்ளக் கோட்டுத்தான? நர்சுக்குப் படிக்கிறயா? அப்படிச் சொல்லு. அப்ப உன்கிட்ட ஒரு நாயம் கேக்கோணும். நீ படிச்ச புள்ள, யாரு பக்கமும் சாயாமச் சொல்லு. ஒருத்திக்கு பிபி இருக்குது. மாத்திரை போடுன்னா போட மாட்டேங்கறா. நீ தெனமும் உன்ற கையால எடுத்துக் குடுத்து, அவ முழுங்கற வரைக்கும் முன்னால நின்னு பாத்துட்டுத்தான் அக்கட்டால போற. அப்படியும் ஒருநாள் அவளுக்குக் கையும் காலும் இழுத்துக்கிச்சு. அதுக்கு நீ என்ன பண்ணுவ? நீ பண்ண குத்தமா அது? ஆனா அவ பெத்த மவ என்னைய வாசப்படி ஏறக் கூடாதுன்னுட்டா. அதச் சொல்லி அழக்கூட ஆள் இல்லாம இருக்கறேன் நான்.

மெதுவாப் பேசச் சொல்லாத, எனக்கு வராது. மெசின் சத்தத்துக்கு நடுவாலயே கத்திக் கத்தி இந்தத் தொண்டை இப்படி ஆயிப்போச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை எனக்கு. சூப்பர்வைசர். தமயந்தின்னா எங்க கம்பெனில கேட்டு வாட்ச்மேன்ல இருந்து மொதலாளி வரைக்கும் தெரியும். துணி மடிக்கற கைமடியாச் சேந்து, ஓவர்லாக் மெசின்ல உக்காந்து, அப்பறம் சூப்பர்வைசர் ஆனவ. எவளாச்சும் எனக்குத் தொழில் தெரியாதுன்னு சொல்லச் சொல்லு பாப்போம்.

ஒருதடவ கம்பெனில மெடிக்கல் கேம்ப் போட்டாங்க. டாக்டர் வந்து எல்லாத்து கையிலயும் பட்டையச் சுத்தி, புஸ்சு புஸ்சுன்னு காத்தடிச்சுப் பாத்தாரு. பாத்தா எங்க லைன்ல, நான் மேய்க்கற மெசின் வரிசைல மட்டும், ஒரு பட்டாளத்துக்கே பிபி. நாப்பது வயசு ஆகாதவளுக்கெல்லாம் இருக்குது. சீட்டு எழுதிக் குடுத்து, கவருமெண்டு ஆஸ்பத்திரில மாத்திரை வாங்கித் தெனம் போடோணும்னு சொல்லிட்டுப் போனாரு. வாங்கிட்டு வந்தாளுக. போட்டாளுகளா? அதுதான் இல்லை.

ஒருத்தி என்னன்னா, எனக்குத் தலையே சுத்தலைக்கா, கல்லுக்குண்டாட்ட இருக்கறேன், எதுக்கு மாத்திரைங்கறா. இன்னொருத்தி, ஒருக்கா ஆரம்பிச்சா சாகற வரைக்கும் விட முடியாதாமா, அதனால ஆரம்பிக்கவே கூடாதுங்கறா. பழனாத்தான்னு ஒருத்தி இருக்கறா பாரு, அவ மாமியாகூடச் சண்டை வந்த நாள்ல மட்டும் போடுவாளாமா. அன்னிக்குத்தான் பிபி ஏறுதாமா. எப்படி இருக்குது கதை? சிரிக்காத. நீ நாளைக்கு நர்சாப் போய் நிக்கறப்ப இவளுகளத்தான் மேய்க்கோணும்.

எனக்குப் பொறுக்கலை. என்னையப் பெத்த அய்யன் இந்த பிபிலதான் போனாரு, மாத்திரைய மாடத்துல வெச்சுட்டே போனாரு. அதனால ஒருநாள் என்ற மேஜை டிராயர்ல இருந்த நூலு, கத்திரி, இஞ்சு டேப் எல்லாத்தையும் எடுத்து வெளிய போட்டேன். ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா வாங்கிப் பேரெழுதி ஒட்டினேன். அவங்கவங்க மாத்திரைய என்கிட்ட ஒப்படைச்சரோணும்னு சொல்லிட்டேன். பத்து மணி டீக்கு மணியடிச்சா, நான் பேரு கூப்புட்டுக் கையில குடுப்பேன். எனக்கு முன்னால முழுங்கிட்டுத்தான் டீ எடுக்கோணும். மொணங்குனாளுக. மொணங்குனா என்ன, போட்டாளுகல்ல.

இதுக்கு எனக்கு ஒரு பைசா எச்சா குடுக்கலை அம்முணி. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை. நானாச் செஞ்சது. வெளிநாட்டுல இருந்து ஆர்டர் குடுக்கறவங்க கம்பெனியப் பாக்க வந்தப்ப, மேனேஜர் அவங்கள நேரா என்ற மேஜைக்குத்தான் கூட்டிட்டு வந்தாரு. டிராயரத் தொறந்து காட்டினேன். அந்த வெள்ளக்காரம்மா டப்பாவ எடுத்துப் பாத்துட்டு என்ற கையப் புடிச்சுக் குலுக்குச்சு. போட்டா எடுத்தாங்க. அன்னிக்குக் காலைல மட்டும் டோக்கன ஆணில இருந்து கழட்டி உள்ள வெச்சுருங்கன்னு மேனேஜர் சொன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கலை. பெரியவங்க சொன்னா ஒரு காரணம் இருக்கும்.

டோக்கன்னா தெரியாதா? அட, பாத்ரூம் போறதுக்கு. கையகலக் கட்டை, செவப்புப் பெயிண்ட் அடிச்சு லைன் நம்பர் போட்டிருக்கும். என்ற மேஜைக்குப் பக்கத்துல ஆணில தொங்கும். போறவ அத எடுத்துட்டுப் போகோணும், வந்தவ திருப்பி மாட்டோணும், அப்பறம்தான் அடுத்தவ. முந்தியெல்லாம் இது கெடையாது. நாலு பேரு அஞ்சு பேராச் சேந்துக்கிட்டுப் போவாளுக, அங்க நின்னு போனு, ஊர்க்கதை, சீரியல் கதை. இங்க மெசின் சும்மா கெடக்கும். பீஸ் கொறஞ்சா மேனேஜர் யாரத் திட்டுவாரு? என்னையத்தான். அதனால லைனுக்கு ஒரு டோக்கன் போதுமுங்கன்னு நாந்தான் சொன்னேன். அடுத்த நாளே எல்லா லைனுக்கும் வந்துருச்சு. நல்ல யோசனைன்னு பேரு எனக்கு. ஷிப்மென்ட் நேரத்துல மட்டும், டீக்கும் சாப்பாட்டுக்கும் நடுவால டோக்கன் குடுக்க மாட்டேன். அது எல்லாக் கம்பெனிலயும் இருக்கறதுதான். லாரி வந்து நிக்கறப்ப என்ன பண்றது?

செரி, பூவாத்தா கதைக்கு வாரேன். அவதான் கை கால் விழுந்தவ.

பூவாத்தாளும் நானும் ஒண்ணா ஓவர்லாக் அடிச்சவங்க. பக்கத்துப் பக்கத்து மெசின். என்னையவிட ரெண்டு வயசு சின்னவ, அக்கா அக்கான்னுதான் கூப்புடுவா. புருசன் சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டான். இந்துமதின்னு ஒரே மவ. அந்தப் புள்ளைய இந்தக் கையால தச்சுத் தச்சுத்தான் படிக்க வெச்சா. அவ அடிச்ச தையல் இருக்குதே, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டாப்புல இருக்கும். நான் சூப்பர்வைசர் ஆனதுக்கப்பறமும் அவளுக்கு எம்மேல பொறாமை இல்லை. அப்படி ஒரு மனசு. அவளுக்குத்தான் லைன்லயே எச்சா பிபி. ரெண்டு மாத்திரை. ஒண்ணு சாதா வெள்ளை. இன்னொண்ணு நீர் போறதுக்கு. உனக்குத்தான் தெரியுமே, அதப் போட்டா ஒடம்புல இருக்கற நீரெல்லாம் எறங்கும்.

ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே வந்தா. அக்கா, இந்த நீர் மாத்திரைய மட்டும் நான் சாயந்தரம் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கட்டான்னு கேட்டா. நான் முடியாதுன்னுட்டேன். வீட்டுக்குப் போனா நீ சோறாக்குவ, துணி தொவைப்ப, மாத்திரை ஞாபகம் வருமா உனக்கு? காலைல போடுன்னு டாக்டர் சொன்னா காலைலதான். எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு வேணும்னேன். அவ எதுத்துப் பேச மாட்டா. தலைய ஆட்டிட்டுப் போயிட்டா.

மாத்திரை போட்டு அரை மணி நேரத்துல கையத் தூக்குவா. டோக்கன். போயிட்டு வருவா. மறுபடியும் கையத் தூக்குவா. பக்கத்துல இருக்கறவளுக சும்மா இருப்பாளுகளா? பூவாத்தாளுக்கு மட்டும் தனி டோக்கன் போட்டுருங்கக்கான்னு கேலி. நான் அவளுகள அதட்டுவேன். ஆனா அவகிட்டயும் சொன்னேன், இப்படி எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா மத்தவளுகளும் ஆரம்பிச்சுருவாளுக, கொஞ்சம் அடக்கிக்கோன்னு. பொம்பளைக்கு அடக்கறதுன்னா புதுசா என்ன?

அதுக்கப்பறம் கையத் தூக்கறது கொறஞ்சுது. நானும் பழகிட்டாப்புல இருக்குதுன்னு சந்தோசப்பட்டேன். ஒருநாள் டீ நேரத்துல சும்மா பேச்சுக் குடுக்கறேன், அவ பதில் சொல்ல வாயத் தொறக்கறா, நாக்குக்கு அடியில மாத்திரை. எனக்கு வந்துச்சு பாரு கோவம். அத்தனை பேரு முன்னாலயும் வாயத் தொற, நாக்கத் தூக்குன்னு சொல்லி, தண்ணி குடிக்க வெச்சுத்தான் விட்டேன். அன்னில இருந்து எல்லாத்துக்குமே நாக்கத் தூக்கச் சொல்லிப் பாக்க ஆரம்பிச்சேன். இவ ஒருத்தியால மத்தவளுகளுக்கும் கஷ்டம். ஆனா உயிர் விசயம் இல்லையா அம்முணி? நல்லதுக்குத்தான செஞ்சேன்.

அப்பறம் அவ ஒழுங்கா முழுங்கினா. ஆனா தண்ணி குடிக்கறத விட்டுட்டா. மாத்திரைக்கு ஒரு வாய் டீ, அவ்வளவுதான். காலைல கொண்டு வந்த பாட்டல் சாயந்தரம் அப்படியே நெறைய இருக்கும். ஒதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. தண்ணி குடிக்கறதுக்குக் கூடவா சோம்பேறித்தனம்னு நான் கேப்பேன். சிரிப்பா.

அப்பறம் சித்திரை வந்துச்சு. மேல தகரக் கூரை, கீழ அத்தனை மெசின் சூடு. பெரிய ஷிப்மென்ட் வேற. பூவாத்தா கையத் தூக்கினா. சித்த இருன்னு சைகை காட்டினேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் தூக்கினா. மேனேஜர் என்ற பக்கத்துலயே நிக்கறாரு, நான் எப்படிக் குடுக்கறது? பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன். அப்பறம் அவ தூக்கலை. செரி, அடங்கிருச்சுன்னு நெனச்சேன். சாப்பாட்டு மணி அடிச்சுது. எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க, இவ மட்டும் எந்திரிக்கலை. தூக்குப்போசிய மடியில வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கறா.

கிட்டப் போனப்பறம்தான் தெரிஞ்சுது.

நான் யாரையும் கூப்புடலை. அந்த மரியாதை எனக்குத் தெரியும். எல்லாரும் போற வரைக்கும் அவ முன்னால மறைச்சாப்புல நின்னேன். கட்டிங் வேஸ்ட் துணியக் கொண்டாந்து நானே தொடச்சேன். ஸ்டூலையும் தொடச்சேன், தரையையும் தொடச்சேன். எந்த சூப்பர்வைசர் செய்வா சொல்லு. என்ற பையில இருந்த மாத்துச் சேலையக் குடுத்தேன். சின்னப் புள்ளையாட்ட இதென்ன பூவாத்தா, ரொம்ப அவசரம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டேன். அவ என்னைய நிமுந்து பாத்தா. சேலையக் கட்டிக்கிட்டு மறுபடியும் மெசின்ல உக்காந்துட்டா. அன்னிக்கு அவ சாப்புடலை.

நான் மறைச்சு என்ன பண்றது? சாயந்தரத்துக்குள்ள லைன் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. பொம்பளைங்க வாய மூட முடியுமா?

அடுத்த நாள் வந்து, அக்கா, வேற டாக்டர்கிட்டக் காமிச்சேன், காலைல வீட்டுலயே போட்டுட்டு வரச் சொல்லிட்டாங்க, என்ற டப்பாவக் குடுத்துருங்கன்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இத்தன நாளு பொறுப்பாப் பாத்துக்கிட்டவ நான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம வேற டாக்டரா? எடுத்துட்டுப் போன்னு டப்பாவ மேஜை மேல வெச்சேன். கையில குடுக்கலை. ரெண்டு மூணு நாளு மூஞ்சி குடுத்தே பேசலை நான்.

ஆனா ஒண்ணு சொல்லோணும். அதுக்கப்பறம் அவ வேலை இருக்குதே, அடடா. டோக்கனே கேக்க மாட்டா. காலைல உக்காந்தா மத்தியானம்தான் எந்திரிப்பா. பீஸ்ல நம்பர் ஒன். என்ற கோவமெல்லாம் பறந்து போச்சு. ஆயுத பூசைக்கு நாந்தான் மேனேஜர்கிட்டச் சொல்லி, எல்லாத்து முன்னாலயும் அவளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குப் பரிசாக் குடுக்க வெச்சேன். கை தட்டினாங்க எல்லாரும். இவளப் பாத்துக் கத்துக்கங்கன்னு நானே மைக்குல சொன்னேன்.

அது முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். காலைல, டீக்கு முந்தி. நான் லைன்ல நடந்துட்டு வாரேன். பூவாத்தா மெசின் ஓடிட்டு இருக்குது, ஆனா துணி கோணலாப் போகுது. அவ கோணல் அடிச்சு என்ற வாழ்க்கைல நான் பாத்ததில்லை. பூவாத்தா, கண்ண எங்க வெச்சுட்டு அடிக்கறேன்னு ஒரு சத்தம் போட்டேன். திரும்பினா. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்குது. ஏதோ சொல்ல வாரா, வார்த்தை வரலை, எச்சில்தான் வருது. வலது கை அப்படியே மடியில விழுந்துச்சு. கத்திக்கிட்டே தாங்கிப் புடிச்சேன். ஆம்புலன்சுல அவ தலைய மடியில வெச்சுட்டுப் போனது நாந்தான். வேற எவளும் வரலை. ஷிப்மென்ட்ட உட்டுட்டுப் போனேன் அம்முணி.

இப்ப நான் எறங்கப் போற அதே பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனோம். அங்க உன்னையாட்ட ஒரு சின்னப் பொண்ணு, டாக்டரு. மாத்திரை ஒழுங்காப் போட்டாங்களான்னு கேட்டுச்சு. நான் குடுத்த வரைக்கும் ஒருநாள் தப்பலைன்னேன். அதுக்குள்ள இந்துமதி வீட்டுல இருந்து டப்பாவத் தூக்கிட்டு ஓடி வந்தா. தொறந்து பாத்தா, வெள்ளை மாத்திரை காலி. நீர் மாத்திரை அட்டை அட்டையா அப்படியே இருக்குது, ஒண்ணு கூடப் பிரிக்கலை. எனக்கு எப்படி இருந்திருக்கும் நெனச்சுப் பாரு. வேற டாக்டருன்னு சொன்னது பச்சப் பொய். மூஞ்சிக்கு நேராச் சொன்ன பொய்.

அந்த டாக்டர் பொண்ணு கேட்டுச்சு, இவங்க என்ன வேலை, வேலைல பாத்ரூம் போக விடுவாங்களான்னு. விடாம என்னங்கம்மா, அதுக்குன்னு டோக்கனே போட்டிருக்கறோம்னேன். என்ன டோக்கன்னு கேட்டுச்சு. வெவரமாச் சொன்னேன், இப்ப உனக்குச் சொன்ன மாதிரி. அந்தப் பொண்ணு எழுதறத நிறுத்திட்டு என்னையப் பாத்துச்சு. அப்பறம், ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்திக் குடுத்திருப்போமேன்னுச்சு. அதாம்மா நானும் சொல்றேன், வாயத் தொறந்து சொல்ல மாட்டா, அவ சுபாவம் அப்படின்னேன். ஆஸ்பத்திரி போறதுன்னா ஒரு நாளு லீவு போடோணும். லீவு கேட்டா நானே குடுத்திருக்க மாட்டேன், ஷிப்மென்ட் நேரம். என்ன பண்றது, தொழில் அப்படி.

உயிர் பொழச்சுக்கிட்டா. வலது பக்கம் போனது போனதுதான். வார்டுல போய்ப் பாத்தேன். டியூபு சொருகி, கட்டிலுக்குக் கீழ பை தொங்குது. என்ற மனசு எப்படித் துடிச்சுதுன்னு எனக்குத்தான் தெரியும். பக்கத்துல உக்காந்து, அந்த விழுந்த கையப் புடிச்சுக்கிட்டு, ஏன் பூவாத்தா இப்படிப் பண்ணுன, கையில எடுத்துக் குடுத்தேனே, எதுக்கு வேண்டாம்னன்னு கேட்டேன். அவ கஷ்டப்பட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. டோக்கன்.

எனக்கு அழுகை வந்துருச்சு. படுத்த படுக்கையிலயும் கம்பெனி ஞாபகம் பாரு அவளுக்கு. நீ ஒண்ணும் கவலைப்படாத, டோக்கனெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ ஒடம்பத் தேத்திட்டு வான்னு சொன்னேன். அவ மூஞ்சியச் சொவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அப்பத்தான் இந்துமதி எந்திரிச்சா. எங்கம்மா ஒண்ணுக்குப் போறதுக்கு உங்களப் பாத்துக் கையத் தூக்கிட்டு உக்காந்திருந்தாங்களாமே, கம்பெனில வேலை செய்யற அக்கா சொன்னாங்க, இனி எங்கம்மா பக்கத்துல நீங்க வராதீங்கன்னா. கத்தலை. மெதுவாத்தான் சொன்னா. அதுதான் எனக்கு ஆறலை.

ரூல்சு அம்முணி. நானா போட்டேன் ரூல்ச? கம்பெனி ரூல்சு.

இப்ப பூவாத்தா மவ வீட்டுல இருக்கறா. ரெண்டு தடவ போனேன். ஆப்பிளு, ஹார்லிக்சு வாங்கிட்டுப் போனேன். கதவத் தொறக்கலை. உள்ள கட்டில் சத்தம் கேக்குது, இருமற சத்தம் கேக்குது. பையக் கதவுல மாட்டிட்டு வந்துட்டேன். அடுத்த தடவ போனப்ப அந்தப் பை அங்கயே தொங்குது, எறும்பு மொச்சுட்டு. எத்தனை வருசப் பழக்கம், எல்லாம் போச்சு.

அதோட முடிஞ்சுதா? இல்லை. கம்பெனிக்குள்ள விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு மேனேஜர் புது ரூல்சு போட்டுட்டாரு. மாசத்துக்கு ஒருக்கா கேட்டுலயே பிபி பாப்பாங்க. எச்சா இருந்தா அன்னில இருந்து வேலை இல்லை. சொல்லி முடிச்ச அன்னிக்கே ஒவ்வொருத்தியா என்ற மேஜைக்கு வாரா. அக்கா, எனக்குச் சரியாப் போச்சு, டப்பாவக் குடுங்க. எனக்கும் சரியாப் போச்சுக்கா. பழனாத்தா என்னன்னா, எனக்கு பிபியே இருந்ததில்லைக்கா, அது எங்க மாமியாளோடதுங்கறா. சாயந்தரத்துக்குள்ள டிராயரே காலி. மறுபடியும் நூலையும் கத்திரியையும் எடுத்துப் போட்டுட்டேன். எங்க லைன்ல இப்ப யாருக்கும் பிபி இல்லை.

கேட்டுல எப்படித் தப்பிக்கறாங்கன்னா கேக்கற? செக்கப்புக்கு மொத நாள் ரெண்டு ரெண்டாப் போட்டுட்டு வாராளுக. ரெண்டு நாளைக்கு எறங்கி இருக்கும். முடிஞ்சொடனே விட்டுருவாளுக. எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? சொன்னா வேலை போயிரும் அவளுகளுக்கு. சொல்லாட்டி எவ எப்ப விழுவாளோன்னு பாத்துட்டே நடக்கறேன். யாரு துணியாச்சும் கோணலாப் போகுதான்னுதான் கண்ணு போகுது இப்பெல்லாம்.

நானா? நான் எதுக்குப் பெரியாஸ்பத்திரி போறேன்னா? எங்க ஏரியால இன்னிக்குக் கரண்ட் இல்லை, மாசாமாசம் ஒரு நாள் நிறுத்துவாங்க, கம்பெனி லீவு. அந்த ஒரு நாள்லதான் போய்ட்டு வர முடியும். உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்கும் இருக்குது. கொஞ்ச நஞ்சமில்லை, அங்க பாத்த நர்சம்மாவே ரெண்டாந்தடவ பட்டையச் சுத்திப் பாத்தாங்க. திருப்பூர்ல வாங்கினா எவளாச்சும் பாத்துருவா. நேரா மேனேஜர் காதுக்குப் போயிரும். அதான் இவ்வளவு தூரம். எனக்கும் ரெண்டு மாத்திரைதான்.

போடறேன் அம்முணி, போடாம என்ன? எங்கய்யனையும் பாத்தேன், பூவாத்தாளையும் பாத்தேன், எனக்குப் பயம் இருக்காதா? காலைல கண்ணு முழிச்சதும் படுக்கைல கெடந்துட்டே வலது கைய மடக்கி நீட்டிப் பாக்கறேன். வந்துச்சுன்னாத்தான் எந்திரிக்கறது. வெள்ளை மாத்திரை ஒருநாள் தப்ப மாட்டேன். நீர் மாத்திரைய மட்டும் ஞாயித்துக்கெழமை போட்டுக்குவேன். வேலை நாள்ல எப்படிப் போடறது? சூப்பர்வைசரே டோக்கனத் தூக்கிட்டு எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா லைன் என்னத்துக்கு ஆகும்? என்ற பேச்ச எவ கேப்பா அப்பறம்?

வேற மாத்திரை மாத்திக் கேக்கலாம், எனக்கும் தெரியும். கேட்டா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு நான் என்னன்னு சொல்றது அம்முணி? அந்த டாக்டர் பொண்ணு அங்கதான் இருக்குது.

செரி, பாலம் வந்துருச்சு, அடுத்தது ஆஸ்பத்திரிதான், நான் எந்திரிக்கறேன். மொகத்த அப்படி வெச்சுக்காத. இந்த ஷிப்மென்ட் ஒண்ணு போகட்டும், ரெண்டையும் ஒழுங்காப் போட ஆரம்பிச்சுருவேன். அடுத்ததா? அதுக்குத் துணி நேத்தே வந்து எறங்கிருச்சு.